உப்புக்காற்றும் ஒரு மூலக்கூறுப் போர்வையும்

யாழ்ப்பாணக் குருநகரில் படகு இஞ்சின் திருத்தும் கடை ஒன்றில், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், ஒரு பின்னேரம் நின்றுகொண்டிருந்தேன். அங்கே வேலை செய்யும் தம்பி புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். உள்ளே ஒரு பற்சில்லு, மண்ணிறத் தாளில் சுற்றியபடி இருந்தது. தாளை உருவி நிலத்தில் போட்டார். காற்று அதை ஒழுங்கைக்குள் கொண்டுபோனது. பற்சில்லு சுவரோரத் தட்டில் ஏறியது.

“தம்பி, அந்தத் தாளை எடுத்து வையுங்கோ” என்றேன்.

“அது பெட்டியோட வாற தாள்தானே சேர். உதிலை என்ன கிடக்கு?”

இரண்டு கிழமை கழித்துப் போனபோது பற்களின் ஓரமெல்லாம் கறள் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. கப்பலில் கடல் கடந்து வந்த சாமான் பெட்டிக்குள் இருந்தவரை மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காத்து வந்தது அந்தத் தாளில் ஊறியிருந்த சேதனச் சேர்வை. நாங்கள் காவல்காரனை வாசலில் வைத்தே அனுப்பிவிட்டோம்.

மற்ற ஊர்த் தமிழர் துரு என்பதை நாங்கள் கறள் என்கிறோம். குடாநாட்டில் கடலோ கடனீரேரியோ எட்டிப் பார்க்காத ஊர்கள் குறைவு. படலைக் கொளுவி, கிணற்றுக் கப்பி, சைக்கிள் கம்பி, தகரக் கூரை, எல்லாவற்றிலும் கறள் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, அதை விதி என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். ஆனால் அது ஒரு வேதியியல் தாக்கம். தாக்கம் என்றால் அதற்கு வழி இருக்கிறது, வழி இருந்தால் மறிக்கவும் முடியும்.

இரும்பின் மேல் ஈரம் படிந்ததும் அங்கே கண்ணுக்குத் தெரியாத மின்கலங்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாகக் கரைகிறது. அது அனோட்டு. விடப்பட்ட இலத்திரன்கள் உலோகத்துக்குள்ளாகவே ஓடி இன்னோரிடத்தில் ஒட்சிசனையும் நீரையும் சந்திக்கின்றன. அது கதோட்டு. இரண்டு இடமும் ஒரே ஆணியின் தலையிலேயே, மயிரளவு தூரத்தில் இருக்கலாம். கரைந்து வந்த அயன் மேலும் ஒட்சியேற்றப்பட்டு, நீரோடு சேர்ந்து, நாங்கள் காணும் செம்மண்ணிறப் பொருளாகிறது.

இதில் உப்பு இரண்டு வேலை பார்க்கிறது. முதலாவது, ஈரத்தைக் கட்டிப்பிடித்து வைப்பது. கறியுப்பு, காற்றின் சார் ஈரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கூடவே வரும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமளவே போதும். ஆகவே மழை பெய்யாத சித்திரை வெயிலிலும், கடலோர இரும்பின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்த் தோல் இருந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, குளோரைட்டு அயன் இரும்பின் மேலுள்ள இயற்கையான ஒட்சைட்டுப் படலத்தை ஓட்டை போடும். ஓட்டை விழுந்த இடம் குழியாகும். குழிக்குள் அமிலத்தன்மை கூடும். கூடக்கூடக் குழி இன்னும் ஆழமாகும்.

மறிப்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த வழி பெயின்ற். இன்னொன்று நாகம் (துத்தநாகம்) பூசிய தகரம். படகு இஞ்சினின் அடியில் பூட்டியிருக்கும் நாகக் கட்டி தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் செய்த பரிசோதனைகளின் நேரடி வாரிசு அது. மூன்றாவது வழிதான் அந்த மண்ணிறத் தாளின் வழி. சுற்றியுள்ள நீரிலோ எண்ணெயிலோ காற்றிலோ மிகச் சிறிதளவு சேதனச் சேர்வையைக் கலந்துவிட்டால், அதன் மூலக்கூறுகள் தாமாகவே உலோகத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இவற்றை அரிப்புத் தடுப்பான்கள் என்கிறோம்.

சேதனம் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2021-இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்த நாளிலிருந்து எங்கள் நாட்டில் சேதனம் என்றால் இயற்கையானது, நஞ்சில்லாதது என்ற எண்ணம் பதிந்துவிட்டது. வேதியியலில் சேதனச் சேர்வை என்றால் காபன் எலும்புக்கூட்டின் மேல் கட்டப்பட்ட மூலக்கூறு, அவ்வளவுதான். வேப்பெண்ணெயும் சேதனம், மண்ணெண்ணெயும் சேதனம், பூச்சிகொல்லிகளில் பெரும்பாலானவையும் சேதனம். தடுப்பான்களிலும் நல்லதும் உண்டு, கையுறை போடாமல் தொடக்கூடாததும் உண்டு.

அந்த மூலக்கூறு உலோகத்தில் எப்படி ஒட்டுகிறது? பல நல்ல தடுப்பான்களுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் இருக்கும். தலையில் நைதரசன், கந்தகம், ஒட்சிசன், பொசுபரசு போன்ற அணு ஒன்றோ பலவோ இருக்கும். அவற்றிடம் பங்கிடப்படாத இலத்திரன் சோடிகள் உண்டு. இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் மேற்பரப்பு அந்தச் சோடிகளை ஏற்கக்கூடியது. பென்சீன் வளையம் இருந்தால் அதன் இலத்திரன் முகிலும் சேர்ந்து உலோகத்தின் மேல் படுத்துக்கொள்ளும். வால் நீண்ட காபன் சங்கிலி. அதற்கு நீரைப் பிடிக்காது. தலை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, வால்கள் வெளிப்பக்கம் நெருக்கமாக நின்று நீரையும் குளோரைட்டையும் தள்ளி வைக்கும். புறத்துறிஞ்சல் என்று உயர்தரத்தில் படித்தது இதுதான். பெரும்பாலும் இந்தப் போர்வையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் மில்லியனில் சில பங்குகள் மட்டுமே. பெயின்ற் பூச்சோடு ஒப்பிட்டால் பல ஆயிரம் மடங்கு மெல்லியது. மின்கலத்தின் இரு முனைகளில் ஒன்றை மூடினாலும் வேலை நடக்கும்; இரண்டையும் ஓரளவு மூடுபவை இன்னும் நல்லவை.

எங்கள் குசினிக்குள்ளேயே இதன் ஒரு வடிவம் இருக்கிறது. இரும்புக் கத்தியால் வாழைப்பொத்தியோ வாழைக்காயோ வெட்டினால் அலகு கருநீலமாகிவிடும். அம்மா அதைக் கயர் என்பார். அந்தக் கயரில் தனின் வகைச் சேர்வைகள் இருக்கின்றன. அவை இரும்பு அயனை நாலுபக்கமும் கட்டிப் பிடித்து, நீரில் கரையாத கருநீலத் தனேற்றாக மாற்றுகின்றன. வன்னியில் இரும்புச்சத்துள்ள கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கறுப்பாவதும் இதே காரணத்தால்தான். பனிச்சங்காய்ச் சாற்றில் வலையை ஊறவைத்த பழைய கடற்றொழிலாளர்கள் தனினின் இன்னொரு குணத்தைப் பயன்படுத்தினார்கள். நூல் உக்காமல் இருக்க அது உதவியது.

இன்று கடைகளில் கறளை மாற்றும் திரவம் என்று போத்தலில் விற்பவை பலவற்றின் அடிப்படை தனிக்கமிலம்தான். சிலவற்றில் பொசுபோரிக்கமிலமும் சேர்ந்திருக்கும். கறள் பிடித்த கதவில் பூசினால் செம்மை மறைந்து கறுப்பாகும். பார்க்க அதிசயமாக இருக்கும். ஆனால் கடலோரத்தில் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். திரவம் எட்டும் ஆழம் கொஞ்சம்தான். தடித்த கறளின் அடியில் குளோரைட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். உதிரும் கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி உப்பை வெளியேற்றி, அதன் பிறகுதான் தனின், அதற்கும் மேல் பெயின்ற். கழுவும் தண்ணீர் உவர்க்கிணற்றுத் தண்ணீராக இருந்தால் உப்பைக் கழுவுவதாக நினைத்து உப்பைப் பூசுகிறோம். எங்கள் ஊரில் பெயின்ற் ஒரு மாரியோடு கொப்பளிப்பதற்குப் பெரும்பாலும் பெயின்றைத் திட்டுகிறார்கள். அடியில் சிக்கிய உப்பு பூச்சினூடாக நீரை உள்ளே இழுத்துக் கொப்பளம் போடுகிறது என்பதே பல இடங்களில் உண்மை.

எண்ணெய்களின் கதை வேறு. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிள்தான் யாழ்ப்பாணத்தின் வாகனம். பெயின்றும் கிறீசும் கிடைக்காத நாட்களில் அப்பா சைக்கிள் சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். இரண்டு நாளில் தூசி ஒட்டிச் சேறாகிவிடும். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் நிரம்பியவை. அது காற்றில் காய்ந்து படலமாகாது. வள்ளங்களுக்குப் பூசிய சுறா எண்ணெயும் மற்ற மீனெண்ணெய்களும் அப்படியல்ல. அவற்றில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். காற்றின் ஒட்சிசனோடு தாக்கமுற்று ஒன்றோடொன்று பின்னி, ஒட்டிய தோலாகும். மீனெண்ணெய் சிந்திய கப்பல் தளத்தில் கறள் பரவாததைக் கவனித்த றொபேர்ட் பேர்கசன் என்ற கப்பற் தலைவர், அதை வைத்துப் பூச்சுத் தயாரித்து 1921-இல் அமெரிக்காவில் ரஸ்ட்-ஓலியம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே எண்ணெய் எங்கள் கடற்கரையிலும் நாறிக்கொண்டு கிடந்ததை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

செம்புக்கும் பித்தளைக்கும் வருவோம். இதில் ஒரு சேர்வை தனித்து நிற்கிறது: பென்சோதிரையசோல். பென்சீன் வளையத்தோடு மூன்று நைதரசன்கள் கொண்ட ஐந்தணு வளையம் ஒட்டிய சின்ன மூலக்கூறு. செம்பின் மேற்பரப்பில் உள்ள அயன்களோடு இது சங்கிலிபோலக் கோத்துப் பின்னிய படலமாகிறது. 1967-இல் மாட்சன் என்ற பேணுநர் இதைப் பழைய வெண்கலப் பொருட்களுக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அன்றிலிருந்து உலகின் அருங்காட்சியகங்களில் இது வழக்கமான மருந்து. அற்ககோலில் 1 முதல் 3 சதவீதம் கரைத்து, பொருளை அதில் ஊறவைப்பார்கள். நச்சுத்தன்மை உள்ள சேர்வை என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. உணவுப் பாத்திரத்துக்கும் ஆகாது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாண அரசர் காலத்துச் ‘சேது’ என்று பொறித்த செப்புக் காசுகள் இன்னும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. கடலோர மண்ணில் கிடந்த செம்புக்குள் செப்புக் குளோரைட்டு ஒளிந்திருக்கும். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரமும் ஒட்சிசனும் பட்டு வெளிர்பச்சைத் தூளாகப் பொரியத் தொடங்கும். வெண்கல நோய் என்று அதற்குப் பெயர். பல நூற்றாண்டு தாங்கிய எழுத்து சில மாரிகளில் போய்விடலாம். குத்துவிளக்கை மினுக்குவதுபோலப் பழம்புளியும் சாம்பலும் போட்டு அப்படிப்பட்ட காசைத் தேய்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். புளியின் தாத்தாரிக்கமிலம் களிம்பைக் கரைக்கும், எழுத்தின் விளிம்பையும் கொண்டுபோகும், உள்ளே இருக்கும் குளோரைட்டை விட்டுவிடும். வீட்டு விளக்குக்குப் புளி சரி. பழங்காசுக்குத் தயவுசெய்து வேண்டாம். உலர்ந்த பெட்டியில் வைத்து, பேணல் தெரிந்தவர்களிடம் கொண்டுபோங்கள்.

மண்ணிறத் தாளுக்குத் திரும்புகிறேன். அதில் ஊறியிருப்பவை ஆவியாகும் தடுப்பான்கள். இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் ஆயுதங்களையும் இயந்திரங்களையும் கிறீஸ் பூசாமல் கடல் கடந்து அனுப்பும் தேவையோடு வளர்ந்த நுட்பம். டைசைக்கிளோகெக்சைலமைன் நைத்திரைற்று முதலில் புகழ்பெற்றது. திண்மமாகத் தாளில் இருக்கும், மிக மெதுவாக ஆவியாகும், பெட்டிக்குள் இருக்கும் மூலை முடுக்கெல்லாம் போய் உலோகத்தில் படியும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், தூரிகை போகாத துளைக்குள், எல்லா இடமும். பெட்டி மூடியிருக்கும்வரைதான் இந்த வித்தை. திறந்த தட்டில் காற்றோடு போய்விடும். ஆகவே மிஞ்சும் உதிரிப்பாகத்தை அதே தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் போதும். செலவில்லாத பாதுகாப்பு. வழியைக் கண்டுபிடித்தவர்கள் பின்னர் அதன் கேட்டையும் கண்டார்கள்: துணை அமைன்களும் நைத்திரைற்றும் சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைத்திரோசமைன்கள் தோன்றலாம். அதனால் நைத்திரைற்று இல்லாத கலவைகள் வந்திருக்கின்றன. எந்தத் தாளானாலும் அதில் வடை சுற்றித் தின்னக்கூடாது.

வாகனத்தின் ரேடியேற்றருக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. கடையில் வாங்கும் நிறத் தண்ணீரை ‘குளிர் நாடுகளுக்கு’ என்று நினைத்து, எங்களுக்குக் குளிர் ஏது என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றுபவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரின் பாதி வேலை அரிப்பைத் தடுப்பது. அதில் சேதன அமிலங்களின் உப்புகள், செம்புக்காகப் பென்சோதிரையசோலின் உறவினர்கள் எல்லாம் கலந்திருக்கும். அப்படிச் சேர்க்கப்படும் செபாசிக்கமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரிக்கப்படுவது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லின் வன்னீரை அதற்குள் ஊற்றினால் கல்சியம் காபனேற்றுப் படியும், உவர் கலந்திருந்தால் குளோரைட்டு அலுமினியத்தைத் துளைக்கும். பழரசம் கெடாமல் போத்தலில் போடும் சோடியம் பென்சோவேற்றும் உருக்குக்கு நல்ல தடுப்பான்தான். ஆனால் குளோரைட்டு கூடினால் அது தோற்றுவிடும். அனோட்டை மூடும் தடுப்பான்கள் சிலவற்றைப் போதாத அளவில் போடுவது போடாமல் விடுவதிலும் கெடுதி: முழுதும் மூடாத அனோட்டு இரண்டொரு புள்ளியாகச் சுருங்கி, முழு வேகத்தோடும் அந்தப் புள்ளிகளையே துளைக்கும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விடயம். வேப்பிலை, மருதோன்றி, முருங்கை, பனை என்று ஏதோ ஒரு சாறு இரும்பைத் ‘தொண்ணூறு சதவீதம்’ காக்கிறது என்ற ஆய்வுச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. மாணவர்கள் ஆர்வத்தோடு கொண்டுவந்து காட்டுவார்கள். அந்த ஆய்வுகள் பொய்யல்ல. இலைச்சாற்றில் நைதரசனும் ஒட்சிசனும் கொண்ட, வளையமுள்ள மூலக்கூறுகள் தாராளம். இரும்பில் அவை ஒட்டத்தான் செய்யும். ஆனால் எந்தத் திரவத்தில் சோதித்தார்கள் என்று பாருங்கள். மிகப் பல ஆய்வுகளில் அது ஐதரோக்குளோரிக்கமிலம். அமிலத்தில் இரும்பு வெறும் மேனியோடு நிற்கிறது. அங்கே நடக்கும் கதோட்டுத் தாக்கம் ஐதரசன் வெளியேறுவது. குருநகர்க் கதவில் அமிலம் இல்லை. அங்கே நடுநிலையான உப்புநீர், மேலே ஒட்சைட்டுப் போர்த்திய இரும்பு, தாக்குவது ஒட்சிசன். இரண்டும் இரண்டு வேறு போர்க்களம். அமிலத்தில் வென்ற மூலக்கூறு உப்புக்காற்றில் வெல்லும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதற்கு மேல், நீரில் கரையும் சாறு முதல் மழையோடு போய்விடும். வேப்பிலைச் சாற்றைப் படலையில் பூசி யாரும் காத்திருக்க வேண்டாம்.

அப்படியென்றால் அந்த ஆய்வுகள் எங்களுக்கு வேண்டாதவையா? இங்கேதான் யாழ்ப்பாணத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது. எங்கள் கேத்தில், சுடுநீர்க் குழாய், கொதிகலன் எல்லாவற்றிலும் சுண்ணப் படிவு. அதைக் கரைக்க அமிலம்தான் வழி. அமிலம் படிவைத் தின்றபின் நிற்காது, அடியிலுள்ள உலோகத்தையும் தின்னும். படிவைத் தின்னவிட்டு உலோகத்தை மட்டும் மறைக்கும் தடுப்பானைத்தான் அங்கே கலக்கவேண்டும். இது புதிய எண்ணமும் அல்ல: 1895-இலேயே போல்ட்வின் என்பவர் உருக்குத் தகடுகளை அமிலத்தில் கழுவும்போது கரும்பு வெல்லப்பாகையும் தாவர எண்ணெய்களையும் கலக்கும் முறைக்குப் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். அமிலத்தில் நன்றாக வேலை செய்யும் இலைச்சாறு ஒன்று எங்களிடம் இருந்தால் அதன் இடம் படலை அல்ல, கொதிகலன். கடையில் வாங்கும் அசிற்றை அப்படியே குழாய்க்குள் ஊற்றும் வழக்கத்தை அது மாற்றினால், அதுவே பெரிய காரியம்.

கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றியும் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல சீமெந்தின் காரத்தன்மையே, பிஎச் 12.5-க்கு மேல், கம்பியைக் காக்கும். கடல்மண் கலந்தோ உப்புக்காற்று ஊடுருவியோ குளோரைட்டு உள்ளே போனால் அந்தக் காவல் உடையும். கறளின் கனவளவு இரும்பினுடையதை விடப் பலமடங்கு. அது உள்ளிருந்து தள்ள, கூரை வெடித்து விழும். இடப்பெயர்வில் பல்லாண்டு கூரை திறந்து கிடந்த வீடுகளில் இதைப் பார்க்கலாம். மேலிருந்து பூசினால் ஊறிப்போய்க் கம்பியை அடையும் அமினோ அற்ககோல் தடுப்பான்கள் விற்பனையில் உண்டு. குளோரைட்டு ஏற்கெனவே நிறைந்துவிட்ட கொங்கிறீற்றில் அவற்றை நான் நம்பமாட்டேன். வெடித்ததை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாகக் கட்டுவதுதான் அங்கே வழி.

அரிப்பால் உலகுக்கு ஏற்படும் செலவு ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் அமெரிக்க டொலர், மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று நேஸ் என்ற சர்வதேச அரிப்பியல் அமைப்பு 2016-இல் கணக்கிட்டது. தெரிந்த முறைகளைச் சரியாகப் பயன்படுத்தினாலே அதில் 15 முதல் 35 சதவீதம் மிஞ்சும் என்றும் சொன்னது. சரியாகப் பயன்படுத்த முதலில் வேண்டியது, எங்கள் ஊரில் கறள் எவ்வளவு வேகம் என்ற அளவு. பாக்குநீரிணைக்கு அக்கரையில் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. மண்டபம் கடற்கரையில் அதன் சோதனை நிலையத்தில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்காக அளக்கிறார்கள். நாங்கள் சுவாசிப்பதும் அதே கடலின் காற்றுத்தான்.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். உயர்தர வேதியியல் படிக்கும் பிள்ளைகளே செய்யலாம். ஒரே தகட்டில் வெட்டிய மென்னுருக்குத் துண்டுகளைத் தேய்த்து, நிறுத்து, ஒன்றைக் காரைநகரிலும் ஒன்றைப் பருத்தித்துறையிலும் ஒன்றைக் குருநகரிலும் ஒன்றைக் கொடிகாமத்திலும் மாடியில் சரிவாகக் கட்டிவிடவேண்டும். ஓராண்டு, சோளகமும் வாடையும் கடக்கட்டும். ஐஎஸ்ஓ 9223 என்ற தரநிலை, முதலாண்டில் உருக்கு இழக்கும் தடிப்பை வைத்து ஓர் இடத்தின் காற்றைத் தரம் பிரிக்கிறது: 25 முதல் 50 மைக்ரோமீற்றர் என்றால் நடுத்தரம், 80 முதல் 200 என்றால் மிகக் கடுமை, அதற்கும் மேல் என்றால் உச்சம். எந்த ஊருக்கு எந்தப் பூச்சு, எத்தனை ஆண்டுக்கொரு தடவை என்பதற்கெல்லாம் அந்த எண்தான் தொடக்கம்.

ஆண்டு முடிவில் துண்டை அவிழ்த்து, கறளைக் கரைத்து, மீண்டும் நிறுக்கவேண்டும். கறள் மட்டும் கரையவேண்டும், மிஞ்சிய இரும்பு கரையக்கூடாது. கரைந்தால் கணக்குப் பிழைக்கும். அதற்கு அமெரிக்கத் தரநிலை ஒன்று தரும் கரைசல் இது: 500 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோக்குளோரிக்கமிலம், 3.5 கிராம் கெக்சமைன், 1 லீற்றராகும்வரை காய்ச்சி வடித்த நீர். அமிலத்தை ஆசிரியர்தான் கலக்கவேண்டும், காற்றோட்டமான இடத்தில், நீரில் அமிலத்தை ஊற்றி. துண்டை 10 நிமிடம் அமிழ்த்தினால் கறள் கழன்றுவிடும். அந்த 3.5 கிராம் கெக்சமைனும் ஒரு சேதனச் சேர்வை. ஆறு காபனும் நாலு நைதரசனும் கூண்டாகக் கட்டிய அந்த மூலக்கூறு, அவ்வளவு அமிலத்துக்கு நடுவிலும் இரும்பின் மேல் படிந்து அதை மூடிக்கொள்கிறது.